விருட்சாசனத்தில் நிற்கும்போது கால் ஏன் ஆடுகிறது?

ஒற்றைக்காலில் மரம்போல் நிற்கும் யோகாசனமான விருட்சாசனத்தில் பத்து விநாடிகூட நிற்க முடியவில்லை, கால் ஆடுகிறது, தப்பாகச் செய்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை. கண், உள்காது, பாதம் மூன்றும் அனுப்பும் தகவலை வைத்து மூளை கணுக்காலைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டமே பயிற்சிதான். மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசில் ஒற்றைக்காலில் நிற்கிறாரே தவசி, கிட்டத்தட்ட அந்த நிலைதான் இதுவும்.

கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றும் தரையில் நன்றாகப் பதியட்டும். பார்வை ஒரே புள்ளியில் இருக்கட்டும். நிற்கும் பக்கத்து இடுப்பை வெளியே சரிய விடாதீர்கள். பக்கவாட்டு இடுப்புத் தசை வலுப்பெறுவது அங்கேதான். தூக்கிய பாதத்தை முழங்காலில் அழுத்தாதீர்கள், தொடையிலோ கெண்டைக்காலிலோ வையுங்கள். தடுமாற்றம் அதிகமென்றால் சுவரை ஒட்டி நில்லுங்கள்.

அப்புறம், தொடைக்கு வலு வேண்டுமானால் கால்களை முன்னும் பின்னுமாக அகட்டி நிற்கும் வீரபத்திராசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்காலை மடக்கி ஐந்து மூச்சு நின்றாலே தொடை எரியும்.