பழைய பெற்றோல் ட்ரக்டர்: பிளக்கில் பொறி வருகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. டைமிங்கை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: அப்பப்பா காலத்துச் சாம்பல் நிற பேர்குசன், பற்றறி புதிது, பெற்றோல் இறங்குகிறது, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி அடிக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை, காபரேட்டர் வழியாகத் துப்புகிறது. இதற்கு வந்த பதில்களில் பாதி "காபரேட்டரைக் கழுவுங்கள்" என்கின்றன. ஒருவர் "பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு மிசின்) ஒன்று வாங்குங்கள்" என்று எழுதியிருக்கிறார். அவருக்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மெக்கானிக் இல்லை. திருகோணமலையில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். "வாத்தியாருக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்கப் போகிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் இக்னிஷன் டைமிங், அதாவது பிஸ்டன் எந்த இடத்தில் நிற்கும்போது பொறி அடிக்க வேண்டும் என்பது, முழுக்க முழுக்கக் கோணக் கணக்கு. அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

முதலில் உங்களுடையது எந்த எஞ்சின் என்று பாருங்கள். இலக்கத் தகட்டில் டிஈஏ-20 என்று இருந்தால் ஸ்டாண்டர்ட் கம்பனியின் பெற்றோல் எஞ்சின். டிஈடி-20 என்றால் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெய்க்கு மாற்றும் வகை. டிஈஎஃப்-20 என்றால் டீசல். அதற்குப் பிளக்கும் இல்லை, பொயின்டும் (மின்னைத் தொடுத்து அறுத்துப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) இல்லை, இந்தப் பதிலும் தேவையில்லை. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த மிசின் இது. எவரெஸ்ட் ஏறிய ஹிலரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இந்த வகை ட்ரக்டர்களில்தான். அந்தக் குளிரில் ஓடியது தம்பலகாமத்து வெயிலில் ஓடாது என்று சொல்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

இனி, நீங்கள் சொல்லாத ஒன்றை நானே ஊகிக்கிறேன். உங்கள் வீட்டில் யாரோ டிஸ்ரிபியூட்டரின் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பகுதி) மூடியைக் கழற்றி, வயர்களையும் பிடுங்கி, "எனக்குத் தெரியும்" என்று திரும்பப் பூட்டியிருக்கிறார். நன்றாக நின்ற மிசினுக்கு டைமிங் தானாக இவ்வளவு பிழைக்காது.

எங்கள் வீட்டில் அந்த ஆள் மச்சான். மிசின் சித்தப்பாவின் பொறுப்பில் தம்பலகாமத்தில், வயலோரக் கொட்டிலில் நின்றது. ஒரு காலத்தில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லை இதே மிசினைக் களத்தில் சுற்றி ஓட்டித்தான் சூடு மிதித்தார்கள். அறுவடை மிசின்கள் வந்த பிறகு அந்த வேலையும் போயிற்று, இதுவும் ஓய்ந்தது. பொங்கலுக்கு முன் ஓட வைக்க வேண்டும் என்று மச்சான் வால்வு எல்லாம் உரைத்துப் பூட்டினார். கியர் தடியை எஸ் பக்கம் தள்ளினால் (இந்த மிசினுக்கு ஸ்டார்ட்டர் சுவிட்ச் அங்கேதான்) எஞ்சின் சுற்றியது, இரண்டு தரம் கனைத்தது, பிறகு காபரேட்டரால் ஒரு துப்பு. புகைக்குழாயில் ஒரு வெடி. கோழிகள் எல்லாம் வேலியைத் தாண்டி ஓடிவிட்டன.

டவுனிலிருந்து ஒரு கராஜ் பாஸைக் கூட்டிவந்தார்கள். அவர் பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துச் சுற்றச் சொன்னார். நீலப் பொறி அடித்தது. "நெருப்பு இருக்கு, காபரேட்டர்தான் பிழை, கொழும்புக்கு அனுப்பவேணும்" என்றார். அதோடு கொயிலும் (பற்றறி மின்னைப் பொறி அடிக்கும் அளவுக்கு உயர்த்துவது) மாற்ற வேண்டுமாம். சித்தப்பா சட்டைப் பையைத் தடவத் தொடங்கினார்.

வெளியே அடிக்கும் பொறி, கொயில் வேலை செய்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அது எந்த நேரத்தில், எந்தச் சிலிண்டருக்குப் போகிறது என்பதைச் சொல்லாது. இதைச் சொன்னேன். பாஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். சரி, சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவர் போன பிறகு நானும் மச்சானும் உட்கார்ந்தோம்.

அந்த "இரண்டு தரம் கனைத்தது" என்பதுதான் எனக்குத் துப்புக் கொடுத்தது. இந்த எஞ்சின் எரியும் ஒழுங்கு 1-3-4-2. பிஸ்டன்களில் ஒன்றும் நான்கும் சோடி, இரண்டும் மூன்றும் சோடி. சோடிகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆனால் ஒன்று எரியும் நேரத்தில் அதன் சோடி புகையை வெளியே தள்ளி முடித்திருக்கும். இப்போது றோட்டர் (டிஸ்ரிபியூட்டருக்குள் சுற்றும் முள்) சுற்றும் திசையைப் பிழையாக நினைத்து வயர்களை எதிர்ப்பக்கமாகப் பூட்டினால் ஒழுங்கு 1-2-4-3 ஆகிவிடும். எழுதிப் பாருங்கள்: ஒன்றும் நான்கும் தங்கள் இடத்திலேயே நிற்கின்றன, இரண்டும் மூன்றும் மட்டும் இடம் மாறுகின்றன. ஆக, இரண்டு சிலிண்டர் ஒழுங்காக எரியும். மற்ற இரண்டுக்கும் உள்ளிழுக்கும் வால்வு திறக்கிற நேரத்தில் பொறி போகும். அது காபரேட்டர் பக்கம் துப்பாமல் வேறென்ன செய்யும்?

டிஸ்ரிபியூட்டர் முழுக்க எதிர்ப்பக்கம் நின்றால், அதாவது றோட்டர் 180 பாகை மாறி நின்றால், கதை வேறு. அப்போது நான்கு சிலிண்டரும் பிழை. கனைப்பே இருக்காது, துப்பல் மட்டும்தான். ஆகவே உங்கள் மிசின் இடையில் கொஞ்சமாவது பிடிக்கப் பார்க்கிறதா, அல்லது வெறுமனே துப்புகிறதா என்று கவனியுங்கள். அதை வைத்தே எங்கே தேடுவது என்று பாதி தெரிந்துவிடும்.

ஒழுங்காகப் பார்க்கும் முறை இது. கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். இக்னிஷனை நிறுத்தி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். எஞ்சின் லேசாகச் சுற்றும். முதலாம் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம் இருப்பது. அந்தத் துளையை விரலால் பொத்திக்கொண்டு, ஹாண்டிலை முன்னால் நின்று பார்த்தால் வலஞ்சுழியாக மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கொம்பிரசன் ஏற்றம், அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கிக்கொண்டு மேலே வருகிறது; உச்சிக்கு வந்ததும் நிறுத்துங்கள். தேய்ந்த எஞ்சினில் காற்றே தள்ளாது. அப்படியானால் மேல் மூடியைக் கழற்றி நாலாம் சிலிண்டரின் வால்வுகளைப் பாருங்கள். ஒன்று மூடிக்கொண்டிருக்க மற்றது திறக்கத் தொடங்கும். இரண்டும் ஆடும் அந்த இடத்தில் முதலாம் பிஸ்டன் கொம்பிரசன் உச்சியில் நிற்கும், அதன் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். எனக்கு விரலை விட இந்த முறையில்தான் நம்பிக்கை.

இப்போது டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து றோட்டர் எந்த முனையைக் காட்டுகிறது என்று பாருங்கள். அதுதான் முதலாம் பிளக்கின் வயர் இருக்க வேண்டிய இடம். பிறகு ஹாண்டிலைச் சுற்றி, றோட்டர் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பாருங்கள். எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம், புத்தகம் சொன்னாலும் ஒரு தரம் பாருங்கள். அந்தத் திசையில் 3, 4, 2 என்று வயர்களைப் பூட்டுங்கள். ஹாண்டில் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் றோட்டர் ஒரு சுற்று வரும் என்பதையும் மறக்க வேண்டாம். பிழைகளில் பெரும்பகுதி அந்த இடத்தில்தான் நடக்கிறது.

எங்கள் மிசினில் வயர்கள் நான் நினைத்த மாதிரியே எதிர்ப்பக்கம் பூட்டியிருந்தன. மாற்றினோம், பிடித்தது. மச்சான் விசில் அடித்தார். ஆனால் அடுத்த தடவை ஹாண்டிலால் ஸ்டார்ட் செய்யும்போது அது திருப்பி அடித்துவிட்டது. மணிக்கட்டுத் தப்பியது அவருடைய அதிர்ஷ்டம். இங்கே ஒரு எச்சரிக்கை: ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள், சுற்றி வளைத்துப் பிடிக்க வேண்டாம். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து அமுக்க வேண்டாம்.

திருப்பி அடித்தால் பொறி மிக முந்தி வருகிறது என்று பொருள். இதற்கு எல்லோரும் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பப் போவார்கள். திருப்பக் கூடாது. முதலில் பொயின்ட் இடைவெளி. இடைவெளி கூடினால் பொயின்ட் முந்தித் திறக்கும், டைமிங் முந்தும். குறைந்தால் பிந்தும். ஆகவே இடைவெளியைச் சரியாக்காமல் டைமிங் வைத்தால், பிறகு இடைவெளியைத் தொட்டதும் டைமிங் மறுபடி ஓடிவிடும். கராஜ் பாஸ் அன்று பொயின்டை நன்றாக அரத்தால் தேய்த்து, அகலமாக விட்டுப் போயிருந்தார். பழைய லூக்காஸ் டிஸ்ரிபியூட்டர்களில் 0.010 முதல் 0.012 அங்குலம், பிந்தி வந்தவற்றில் 0.014 முதல் 0.016 அங்குலம். உங்களுடையது எது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் சாதாரண ஏ-4 தாள் மூன்றை மடக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வையுங்கள், ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் வரும். அவசரத்துக்குப் போதும். "தாளை வைத்து எஞ்சின் செய்கிறார் வாத்தியார்" என்று சிரிப்பவர்கள் கேஜ் வாங்கித் தரலாம்.

பிறகு பல்ப் சோதனை. 12 வோல்ட் சின்ன பல்ப் ஒன்று, இரண்டு வயர். கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் முனையில் ஒன்று, எஞ்சின் உடலில் மற்றது. இக்னிஷனைப் போட்டால், பொயின்ட் மூடியிருக்கும்போது பல்ப் அணைந்திருக்கும், திறந்ததும் எரியும். முதலாம் பிஸ்டனைக் கையேடு சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். டிஸ்ரிபியூட்டர் பிடியைத் தளர்த்தி, அதன் உடலை மெதுவாகத் திருப்பி, பல்ப் எரியத் தொடங்கும் அந்தக் கணத்தில் இறுக்குங்கள். முந்த வைக்க வேண்டுமானால் டிஸ்ரிபியூட்டர் உடலை றோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும், பிந்த வைக்க அதே திசையில். வேலை முடிந்ததும் இக்னிஷனை நிறுத்த மறக்க வேண்டாம், கொயில் கொதித்துவிடும். அத்தோடு டிஸ்ரிபியூட்டர் உடலிலும் எஞ்சினிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுங்கள். அடுத்த முறை மச்சான்மார் யாராவது கழற்றினால் உதவும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சில மாதம் நின்ற மிசினில் பொயின்ட் முகத்தில் ஒரு மங்கல் படை பிடித்துவிடும், பார்த்தால் சுத்தம் போலவே இருக்கும். மெல்லிய எமரித் தாளால் ஒரு தரம், பிறகு வெள்ளைத் தாளை இடையில் விட்டு இழுத்து ஒரு தரம். பொயின்ட் திரும்பத் திரும்பக் கருகினால் கண்டென்சரை (பொயின்டிலேயே பொறி பறக்காமல் தடுப்பது) சந்தேகியுங்கள். பற்றறி புதிது என்கிறீர்கள், எந்த முனையை எர்த்தில் (மிசின் உடலில்) பூட்டினீர்கள்? இந்த மிசின்களில் நேர் முனைதான் எர்த். இப்போதைய கார் மாதிரி மாற்றிப் பூட்டினால் பொறி பலவீனமாகும், டைனமோவும் சண்டை பிடிக்கும்.

டிஈடி வகை என்றால் டைமிங்கைத் தொடுவதற்கு முன் காபரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்து பெற்றோல் நிரப்புங்கள். நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்கு மாற்றாவிட்டால் மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய்தான் நிற்கும், என்ன செய்தாலும் பிடிக்காது. (ஆம், இந்த ஒரு இடத்தில் காபரேட்டர்காரர்கள் சொல்வது சரி.) பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்களையே மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், எனக்குத் தெரியும். பிடிக்க வைக்க அவர்களுக்கும் கொஞ்சம் பெற்றோல் வேண்டித்தான் இருந்தது.

இந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓட வைத்த மிசினை ரோட்டில் இறக்க முடியவில்லை. 1990இல் இடம்பெயர்ந்தபோது பதிவுப் புத்தகம் வீட்டோடு போயிற்று. ஓர் அலுவலகத்தில் கேட்டால் மூலப் புத்தகத்தைக் கொண்டுவா என்கிறார்கள். அது இருந்தால் நான் ஏன் அங்கே போய் நிற்கிறேன்? எரிந்துபோனது என்றால் எரிந்ததற்குக் கடிதம் வேண்டுமாம். கடிதம் கொடுக்க வேண்டிய இடத்தில், எரிந்ததைக் கண்ட சாட்சி யார் என்கிறார்கள். வீடு எரியும்போது சாட்சி பிடிக்க நின்றிருந்தால் நாங்களே மிஞ்சியிருக்க மாட்டோம். எஞ்சினுக்குள் பிழை எங்கே என்று ஒரு பல்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அந்தக் கவுண்டருக்கு எந்தப் பல்பைப் பிடிப்பது? சரி, விடுங்கள்.

இவ்வளவும் செய்தும் டைமிங் நிலைக்கவில்லை, ஒரு நாள் நன்றாக ஓடி மறுநாள் முரண்டு பிடிக்கிறது என்றால், றோட்டர் பூட்டும் தண்டைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது; பொயின்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும், எந்த டைமிங்கும் நிற்காது. புது புஷ் ஒன்று லேத்தில் கடைந்து போடலாம், டிஸ்ரிபியூட்டரை முழுதாக மாற்றத் தேவையில்லை. றோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது, இடைவெளி எவ்வளவு வைத்தீர்கள், கனைப்பு இருக்கிறதா என்ற மூன்றையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.