‘மெஷின் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்’ என்கிறார் கணவர்

கேள்வி: என் கணவருக்கு வயது 48. பள்ளி ஆசிரியர். எட்டு மாதங்களுக்கு முன் வலது கையில் பிடிமானம் குறைந்தது. பல பரிசோதனைகளுக்குப் பிறகு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மாலை நேரத்தில் பேச்சு லேசாகக் குழறுகிறது. கண்ணால் இயக்கும் கணினி, மூச்சு மெஷின் என்று நான் பேச்செடுத்தாலே, “அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், இப்போதே என்னைப் படுக்கையில் போடாதே” என்கிறார். அவரை வற்புறுத்துவது தவறா? இந்த நோயோடு நல்லபடியாக வாழ முடியுமா?

பதில்: அவர் கோபம் எனக்குப் புரிகிறது. சக்கர நாற்காலி, கட்டில் எல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றால் சரி, பார்க்கலாம். ஆனால் குரலுக்கு ‘அப்புறம்’ கிடையாது. பேச்சு குழறத் தொடங்கிவிட்டது என்கிறீர்கள். ஆகவே இந்த வாரமே குரலைச் சேமிப்பதில் இறங்குங்கள்.

இந்த நோயில் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. தொடு உணர்வு, பார்வை, கேட்கும் திறன் அப்படியே இருக்கும். கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் கடைசி வரை தப்பித்துவிடும். சிலருக்கு முடிவெடுப்பதிலும் நடத்தையிலும் மாற்றம் வரலாம் என்பதால் அதையும் கவனிக்க வேண்டும்; ஆனால் பேச முடியாதவருக்குப் புரியாது என்று நினைத்து, அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவது வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

குரலைச் சேமிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அவர் வாசிப்பதைப் பதிவு செய்து, அதிலிருந்து அவருடைய சாயலில் கணினிக் குரல் உருவாக்குவது. இன்னொன்று இன்னும் எளிது: அவர் வழக்கமாகச் சொல்லும் வாக்கியங்களை அவர் குரலிலேயே அப்படியே பதிவு செய்து வைப்பது. செல்போன் போதும், எந்த மொழியிலும் செய்யலாம். காலையில், களைப்பில்லாத நேரத்தில், பத்துப் பத்து நிமிடமாக. ‘தண்ணீர் வேண்டும்’ என்பதை எந்தக் கணினிக் குரலும் சொல்லிவிடும். உங்களை அவர் கூப்பிடும் விதம், பிள்ளைகளைக் கிண்டல் செய்வது, வகுப்பில் அதட்டுவது, அந்தச் சிரிப்பு, இவற்றை முதலில் பதியுங்கள். ஆசிரியர் ஆயிற்றே, ஒரு பாடத்தையே நடத்தச் சொல்லுங்கள். ‘மெஷின்’ என்று சொல்லாமல் தொடங்கினால் மறுக்கவும் மாட்டார்.

கண்ணால் இயக்கும் கணினி பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திரையில் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதைக் கேமரா கண்டுபிடித்து எழுதும், பிறகு பேசும். நல்ல கருவிதான். ஆனால் வெயில் முகத்தில் அடித்தால் தடுமாறும், கழிவறைக்குக் கொண்டுபோக முடியாது, சார்ஜ் தீரும். அதனால் பக்கத்தில் ஓர் எழுத்து அட்டையும் இருக்கட்டும். தமிழுக்கு 247 எழுத்துகளையும் அட்டையில் நிரப்ப வேண்டியதில்லை. பதினெட்டு மெய்யும் பன்னிரண்டு உயிரும் போதும். நீங்கள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவீர்கள். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மேலே தூக்குவார். முதலில் மெய், அடுத்து உயிர்: ‘ல்’ என்றும் ‘ஐ’ என்றும் காட்டினால் ‘லை’.

ஒன்று மட்டும், அவசரப்பட்டு ஊகிக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் இப்படி ‘தலை’ வரை காட்டினார். மனைவி தலையணையைச் சரிசெய்தார், மகன் தலையைப் பிடித்துவிட்டார், மகள் தலைவலி மாத்திரையே எடுத்து வந்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பொறுமையாக மறுபடி கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் சொல்ல வந்தது ‘தலைப்புச் செய்தி’. டிவியைப் போடச் சொல்லியிருக்கிறார்!

இன்னொரு சின்னப் பொருள், ஆனால் நான் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான்: அழைப்பு மணி. லேசாகத் தொட்டாலே அடிக்கும் சுவிட்ச், கன்னத்துக்குப் பக்கத்திலோ கால் கட்டைவிரலிலோ. நெற்றியில் கொசு உட்கார்ந்தால் அவருக்கு நன்றாகத் தெரியும், தட்டிவிடத்தான் முடியாது. ராத்திரி மூன்று மணிக்கு யாரையாவது கூப்பிட முடியும் என்ற நம்பிக்கை இருந்தாலே பாதித் தூக்கம் வந்துவிடும், அவருக்கும் உங்களுக்கும்.

அடுத்தது மூச்சு. மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் பலவீனமாவது முதலில் படுக்கையில்தான் தெரியும். காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது, இரவில் அடிக்கடி விழிப்பு, தட்டையாகப் படுக்க முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் உடனே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கரியமில வாயு உடலில் தேங்குவதன் அறிகுறிகள் இவை. விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜன் சரியாக இருப்பதாகக் காட்டினாலும் ஏமாற வேண்டாம். இந்த நிலையில் வெறும் ஆக்ஸிஜன் கொடுப்பது சில சமயம் நிலைமையை மோசமாக்கும். வேண்டியது, மாஸ்க் வழியாக மூச்சைத் தள்ளிக் கொடுக்கும் பைபேப். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், விழுங்குவதும் பேசுவதும் கடுமையாகப் பாதிக்கப்படாதவர்களுக்கு இது ஏறக்குறைய ஏழு மாதம் ஆயுளைக் கூட்டியது. வாழும் நாட்களின் தரமும் குறையாமல் இருந்தது. இந்த நோய்க்குக் கொடுக்கும் ரிலுசோல் என்ற மருந்து கூட்டும் ஆயுளைவிட இது அதிகம். ரிலுசோலை நிறுத்திவிடச் சொல்லவில்லை, இரண்டும் வேண்டும். முதல் நாள் இரவே மாட்டிவிட்டால் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும், பிடுங்கி எறிந்துவிடுவார். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் என்று பழக்குங்கள்.

சாப்பாட்டில் ஒன்றுதான்: எடை குறைய விடாதீர்கள். புரையேறுவது அதிகமானாலோ, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனாலோ, வயிற்றில் குழாய் வைப்பதைப் பற்றிப் பேச வேண்டும். மூச்சுத் திறன் இயல்பான அளவில் பாதிக்குக் கீழே போவதற்கு முன் அதை வைப்பது பாதுகாப்பு. குழாய் வைத்த பிறகும் ருசிக்காக வாயால் கொஞ்சம் சாப்பிடலாமா என்பதை விழுங்கும் திறனைப் பார்த்துச் சொல்வார்கள்.

நல்லபடியாக வாழ முடியுமா என்று கேட்டீர்கள். எல்லோரும் ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சொல்வார்கள். 1963இல், 21 வயதில் நோய் தெரிந்தது. 76 வயது வரை வாழ்ந்தார். 1985இல் குரல் போன பிறகும் கணினிக் குரலில் உலகத்துக்கே பாடம் நடத்தினார். பிற்காலத்தில் கன்னத் தசையின் சிறு அசைவால் எழுதினார். ஆனால் அவர் மிக அபூர்வம். பெரும்பாலோருக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள். பத்தில் ஒருவர் பத்தாண்டைத் தாண்டுகிறார். இதை மறைத்து நான் ஆறுதல் சொன்னால் உங்களுக்கு உதவாது. எத்தனை ஆண்டானாலும், அதில் தன் பேச்சைத் தானே பேசி, பிள்ளைகளோடு சண்டை போட்டு, பாடம் நடத்தி வாழ முடியும். அப்படி வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும்.

கழுத்தில் துளையிட்டு நிரந்தர மூச்சுக் கருவி வைப்பதா வேண்டாமா என்பதை அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று நீங்கள் முடிவு செய்யும்படி விடாதீர்கள். பேச முடிகிற இப்போதே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக உங்களுக்கு. இரவுப் பொழுதைப் பங்குபோட இன்னொருவரை இப்போதே பழக்குங்கள், மாஸ்க் மாட்டுவது உட்பட. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மூச்சுத் திறன் பரிசோதனையை உட்கார்ந்தும் படுத்தும் இரண்டு விதமாக எடுக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவாருங்கள்.