கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நைஸ்மித்தே ஒரு கல்லூரி அணிக்குக் கோச்சாக இருந்தாராமே, அந்த அணி முதல் சீசனில் எப்படி ஆடியது?

ஆமாம், இருந்தார். அமெரிக்காவில் லாரன்ஸ் என்ற ஊரில் இருக்கும் கான்சாஸ் பல்கலைக்கழகம். முதல் சீசன் 1898-99. பதினொரு ஆட்டம் ஆடி ஏழில் ஜெயித்தார்கள், நான்கில் தோற்றார்கள்.

கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் கூடவே ஒரு வரி ஒட்டிக்கொண்டு வரும்: "கான்சாஸ் வரலாற்றிலேயே ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகமாக உள்ள ஒரே கோச் நைஸ்மித்தான்." ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கே ஆட்டம் வரவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள். கணக்கு சரிதான். ஒன்பது சீசன், 55 வெற்றி, 60 தோல்வி. ஆனால் அந்தக் கணக்கை வைத்து அந்த மனிதரை எடை போடுவது எனக்குப் பொறுக்காது. நான் மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருபவன். "இந்த வருஷம் எத்தனை மேட்ச் ஜெயிச்சீங்க சார்?" என்பதுதான் எங்களைப் பார்த்ததும் வருகிற முதல் கேள்வி. அதனால் இந்த முதல் சீசனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவர் கான்சாஸுக்கு எதற்காக வந்தார் என்று பார்க்க வேண்டும். ஜேம்ஸ் நைஸ்மித் கனடாக்காரர். இறையியல் படித்துவிட்டு உடற்கல்விப் பக்கம் வந்தவர். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாமல் சலித்துப்போயிருந்த பதினெட்டு மாணவர்களுக்காகக் கூடைப்பந்தை உருவாக்கினார். பதின்மூன்று விதிகள், மாடிக் கைப்பிடியில் பத்தடி உயரத்தில் மாட்டிய இரண்டு பீச் பழக்கூடைகள், ஒரு கால்பந்து, பக்கத்துக்கு ஒன்பது பேர். இது பலருக்கும் தெரிந்த கதை. அதற்கப்புறம் அவர் டென்வருக்குப் போய், ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தபடியே 1898இல் மருத்துவப் பட்டம் வாங்கினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்த வருடம் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வேலைக்கு ஒரே ஆள் தேவைப்பட்டது. தினமும் காலை வழிபாட்டை நடத்த வேண்டும், மாணவர்களுக்கு உடற்பயிற்சியும் சொல்லித்தர வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த அமோஸ் அலோன்சோ ஸ்டாக் இவரைச் சிபாரிசு செய்தார். ஸ்டாக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்தவர்தான். 1892 மார்ச்சில் அங்கே மாணவர்களும் ஆசிரியர்களும் மோதிய ஆட்டத்தில் ஆசிரியர்கள் 5-1 என்று தோற்றார்கள். அந்த ஒரே ஒரு கூடையைப் போட்டவர் ஸ்டாக். அவர் அனுப்பிய சிபாரிசில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர், மருத்துவர், குடிக்காதவர், புகைக்காதவர், வாயில் கெட்ட வார்த்தை வராதவர் என்றெல்லாம் வரிசையாக இருந்தது. எந்தச் சீசனில் எத்தனை ஆட்டம் ஜெயித்துக் கொடுப்பார் என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. கூடைப்பந்துக் கோச் என்ற வேலைக்காக அவரை யாரும் எடுக்கவில்லை.

அவர் வந்த சில மாதங்களிலேயே பல்கலைக்கழகத்துக்கென்று ஓர் அணி உருவாகிவிட்டது. முதல் ஆட்டம் 1899 பிப்ரவரி 3 அன்று, கான்சாஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. அணியோடு. 16-5 என்று தோற்றார்கள்.

ஒரு முழு மேட்சில் ஐந்தே பாயிண்ட்டா என்று இன்றைக்கு ஆடுகிற பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் காலத்து ஆட்டத்தை மனதில் கொண்டுவந்தால் புரியும். ஒவ்வொரு கூடை விழுந்ததும் இன்றுபோல் கூடையை விட்டுக்கொடுத்த பக்கம் ரிங்குக்குக் கீழிருந்து பந்தைப் போட்டுவிட்டு ஓடுவதில்லை. மறுபடி நடுக்கோட்டுக்கு வந்து, இரண்டு அணியின் சென்டர்களும் (நடுவில் ஆடுபவர்கள்) நின்று, ரெஃப்ரீ பந்தை மேலே தூக்கிப் போட, ஜம்ப் பால். கூடை விழும்போதெல்லாம் இதே கதைதான். உயரமான சென்டர் ஒருவன் எதிரணியில் இருந்தால் பந்தே நம் கைக்கு வராது. கூடையும் வேறு மாதிரி. பீச் பழக்கூடை போய் இரும்பு வளையம் வந்துவிட்டது, ஆனால் அந்தக் காலத்து வலைகளுக்கு அடிப்பக்கம் மூடியிருக்கும். பந்து உள்ளே போய் அப்படியே தங்கிவிடும். ஒரு சங்கிலியைப் பிடித்து இழுத்தால்தான் கீழே விழும். பந்தோ, தோலைத் தைத்துக் கயிறு கட்டி இறுக்கியது. கயிறு இருக்கும் பக்கம் தரையில் பட்டால் எந்தத் திசையில் எழும்பும் என்று சொல்ல முடியாது. பந்தைத் தரையில் தட்டித் தட்டி (டிரிபிள்) ரிங்கை நோக்கிப் பாய்வதெல்லாம் பின்னால் வளர்ந்த கலை. அன்றைக்குப் பாஸ், பாஸ், மறுபடி பாஸ், அப்புறம் இரண்டு கையாலும் ஒரு ஷாட். ஃபவுலுக்கு ஆளானவனே ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு) போட வேண்டும் என்றும் இல்லை. அணியில் யார் குறி தவறாதவனோ அவனே எல்லாவற்றையும் போடலாம். இப்படிப்பட்ட ஆட்டத்தில் பதினாறு என்பது நல்ல ஸ்கோர். ஐந்தும் வெட்கப்படும்படியான ஸ்கோர் அல்ல, அதுவும் முதல் ஆட்டத்தில்.

எதிரணி யார் என்பதையும் பார்க்க வேண்டும். இன்றைக்குப் போல் கல்லூரிகளுக்குள் லீக் எதுவும் கிடையாது. அப்போது கூடைப்பந்தின் வீடு ஒய்.எம்.சி.ஏ.தான். ஆட்டம் ஊர் ஊராகப் பரவியதே அதன் கிளைகள் வழியாகத்தான். கான்சாஸ் ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவை பக்கத்து ஊர்களின் ஒய்.எம்.சி.ஏ. அணிகளோடு. வருடக்கணக்கில் சேர்ந்து ஆடிப் பழகிய, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெரிய ஆட்கள் அந்த அணிகளில் இருந்தார்கள். இந்தப் பக்கம் வகுப்பு முடிந்து வருகிற மாணவர்கள். போகப் போக வில்லியம் ஜூவல் கல்லூரி, லாரன்ஸிலேயே இருந்த ஹாஸ்கெல் பூர்வகுடி மாணவர் பள்ளி போன்றவையும் வாடிக்கையான எதிரணிகளாயின.

ஆட இடமும் ஒழுங்காக இல்லை. பல்கலைக்கழகத்தில் ஸ்னோ ஹால் என்ற கட்டடத்தின் அடித்தளம்தான் ஜிம். கூரை தாழ்வு. உயரமாகப் பந்தை எறிய முடியாத இடத்தில் கூடைப்பந்து பழகுவது எவ்வளவு கொடுமை என்று மழைக்காலத்தில் பள்ளி வராண்டாவில் பயிற்சி கொடுத்தவர்களுக்குத் தெரியும். ஊருக்குள் இருந்த ஸ்கேட்டிங் கூடத்திலும் ஆடியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு உருப்படியான உடற்பயிற்சிக் கூடம், ராபின்சன் ஜிம்னேசியம், 1907இல்தான் திறந்தது. நைஸ்மித் கோச் பொறுப்பை விட்டதும் அதே வருடம்தான்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், முதல் ஆட்டத்தில் பதினொரு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்ற ஓர் அணி சீசனை 7-4 என்று முடித்ததை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

இனி "கோச்" விஷயம். அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு இன்றைய பொருள் இல்லை. நைஸ்மித் ஓரமாக நின்று கத்தி ஆட்டம் நடத்தவில்லை. பல ஆட்டங்களில் அவரே ரெஃப்ரீ! தன் மாணவர்கள் ஆடும் ஆட்டத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, அவர்கள் செய்கிற ஃபவுலையும் ஊதும் கோச்சை இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியுமா? அவருக்கு இந்த ஆட்டம் உடம்பையும் குணத்தையும் பண்படுத்துகிற ஒரு வழி. முதல் பதின்மூன்று விதிகளைப் படித்தாலே இது தெரியும். தோளால் இடிக்காதே, பிடிக்காதே, தள்ளாதே, காலை இடறாதே, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடாதே என்று பாதி விதிகள் முரட்டுத்தனத்தை அடக்குவதற்கே. அவரே தாம் உருவாக்கிய ஆட்டத்தை இரண்டு தடவைதான் ஆடியதாகச் சொல்லியிருக்கிறார், 1892இல் ஒன்று, 1898இல் கான்சாஸில் ஒன்று. அதிலும் நிறைய ஃபவுல் செய்ததாக ஒத்துக்கொண்டிருக்கிறார். மல்யுத்தமும் ரக்பி மாதிரி முரட்டு ஃபுட்பாலும் பழகிய உடம்பு அது.

ஆண்டுவாரியாக அவருடைய கணக்கைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். ஒன்பது சீசனில் தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்தது இரண்டில்தான். ஒன்று இந்த முதல் சீசன். இன்னொன்று 1905-06, 12 வெற்றி, 7 தோல்வி. அந்த அணியில் ஃபாரஸ்ட் ஆலன் என்ற மாணவர் ஆடினார். "ஃபாக்" ஆலன் என்று பின்னாளில் உலகமே அழைத்த அதே ஆள். பக்கத்தில் இருந்த பேக்கர் பல்கலைக்கழகம் அவரைக் கோச்சாகக் கூப்பிட்டபோது, "கூடைப்பந்துக்குக் கோச் செய்யவெல்லாம் முடியாதப்பா, அதை ஆடத்தான் முடியும்" என்ற பொருளில் நைஸ்மித் சொன்ன பதில் ரொம்பப் பிரபலம். ஆலன் கேட்கவில்லை. 1907இல் நைஸ்மித் விட்ட இடத்தில் கான்சாஸ் கோச்சாகவும் வந்தார். நடுவில் பத்து வருடம் விலகி இருந்துவிட்டு 1919இல் திரும்பியவர் 1956 வரை இருந்தார். கான்சாஸுக்கு மட்டும் 590 வெற்றி. அவரிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கியிலும், டீன் ஸ்மித் வட கரோலினாவிலும் கோச்சாக என்ன சாதித்தார்கள் என்பது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

நைஸ்மித் சொன்னது தவறு என்று ஆலன் நிரூபித்துவிட்டார் என்பார்கள். கோச்சிங்கைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் தன் பேச்சை மீறிப் போன மாணவரோடு நைஸ்மித்துக்குக் கடைசிவரை பகை வரவில்லை. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்க விளையாட்டானபோது, அதை நேரில் பார்க்க அவரை அனுப்பி வைக்க முன்னின்று பணம் திரட்டியவர் ஆலன். அங்கே இறுதி ஆட்டம் திறந்தவெளியில், கொட்டும் மழையில், சேற்றில் நடந்தது. அமெரிக்கா 19, கனடா 8. பிறந்த நாடும் வாழ்ந்த நாடும் ஆடிய அந்த ஆட்டத்தின்போது நைஸ்மித்துக்கு வயது எழுபத்து நான்கு.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், நைஸ்மித் வேலை பார்த்த அதே ஸ்பிரிங்ஃபீல்ட் பள்ளியில் படித்தவர். நந்தனத்தில் அந்தக் கல்லூரி இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பி.இ.டி. மாஸ்டர்களாக இருந்த எத்தனையோ பேர் அங்கே பயின்றவர்கள்.

இன்னொரு மாணவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஜான் மெக்லெண்டன், கறுப்பின மாணவர், 1930களில் கான்சாஸில் படித்தவர். கறுப்பினத்தவர் என்பதால் பல்கலைக்கழக அணியில் அவரால் ஆட முடியவில்லை. அந்த அணிக்கு அப்போது கோச் ஆலன். கிழவரான நைஸ்மித் மெக்லெண்டனைத் தன் மாணவராக ஏற்று வழிகாட்டினார், 1936இல் அவர் பட்டம் பெற்றார். பின்னாளில் டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரிக்குக் கோச்சாக இருந்து, 1957, 58, 59 என்று தொடர்ந்து மூன்று முறை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். கான்சாஸ் அணியில் முதல் கறுப்பின வீரர் ஆடியது 1950களில்தான். மெக்லெண்டனின் வெற்றிகளில் ஒன்றுகூட நைஸ்மித்தின் 55க்குள் வராது. ஆனால் நைஸ்மித்தைப் பற்றி என்னிடம் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது மெக்லெண்டன் பெயரைத்தான், 7-4 எல்லாம் அப்புறம்தான்.