கைவிடப்பட்டவையா?

அன்புள்ள ஐயா,

சிலி நாட்டின் இத்தாத்தா பள்ளத்தாக்கில், கைவிடப்பட்ட இருநூறு ஆண்டுப் பழைய திராட்சைத் தோட்டங்களுக்கு ஓர் இயற்கை ஒயின் தயாரிப்பாளர் உயிர்கொடுப்பதை ஆவணப்படம் ஒன்றில் பார்த்தேன். கெடாமலிருக்கக் கலக்கும் சல்ஃபைட் என்ற பொருளைச் சேர்க்காத ஒயின் தலைவலி தராது என்கிறார்களே, உண்மையா? கொடிக்கு வயதானால் ஒயின் சிறக்குமா?

க.

அன்புள்ள க.,

யாரும் சேர்க்காவிட்டாலும், நொதிக்கும்போது ஈஸ்டே சிறிதளவு சல்ஃபைட்டை உண்டாக்கிவிடுகிறது. தலைவலிக்கு ஆல்கஹாலே போதும். வயதைப் பொறுத்தவரை, முதிர்ந்த கொடி குறைவாகக் காய்க்கும் என்பதற்கு மேல் நான் உறுதிகூற மாட்டேன்.

‘கைவிடப்பட்ட’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைப் பற்றித்தான் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை எப்படி இவ்வளவு எளிதாக எழுதினீர்கள்? சில ஆண்டுகள் கவாத்து செய்யாமல் விட்டால் திராட்சைத் தோட்டம் புதராகிவிடும். இருநூறு ஆண்டுக் கொடி இன்றும் காய்க்கிறதென்றால், ஏறக்குறைய இருநூறு குளிர்காலங்களில் யாரோ ஒருவர் அந்தச் சரிவில் குனிந்து நின்று அதைக் கவாத்து செய்திருக்கிறார் என்று பொருள்.

அங்குள்ள பாயிஸ் என்ற திராட்சை பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு வந்தது. பின்னாளில் அதை மட்டமான ரகம் என்று ஒதுக்கி, அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். 1974ஆம் ஆண்டின் 701ஆம் ஆணைச்சட்டம் காடு வளர்ப்புக்கு மானியம் தந்தபோது, குன்று குன்றாகப் பைன் மரமும் யூகலிப்டஸும் ஏறின. அப்போதும் கொடியைப் பிடுங்காமல் மானாவாரியாகவே காப்பாற்றியவர்கள் சிறு விவசாயிகள். 2023 பிப்ரவரியில் காட்டுத்தீ பரவியபோது கருகியவற்றில் அவர்களுடைய தோட்டங்களும் இருந்தன.

ஒரு ஆகஸ்ட் மாதத்தில் அதே பள்ளத்தாக்கில் கோயெலெமு என்ற ஊர் அருகே ஒரு மூதாட்டியின் தோட்டத்தில் நின்றிருந்தேன். அங்கே ஒரு கொடி பட்டுப்போனால் நாற்று வாங்குவதில்லை. பக்கத்துக் கொடியின் நீண்ட கிளையொன்றை வளைத்து மண்ணில் புதைத்து, நுனியை வெற்றிடத்தில் வெளியே எடுத்துவிடுகிறார்கள். நாம் பதியம் என்பதை அவர்கள் முக்ரோன் என்கிறார்கள். தன் வேர் பிடிக்கும்வரை தாய்க்கொடிதான் அதற்கு ஊட்டுகிறது. ஃபைலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி பரவிய ஐரோப்பாவில், சொந்த வேரில் நிற்கும் கொடியைப் பூச்சி தின்றுவிடும் என்பதால், அமெரிக்க வேர்க்கன்றில் ஒட்டுக்கட்டியே பெரும்பாலும் நடுகிறார்கள். அந்தப் பூச்சி சிலியை எட்டவில்லை என்பதால்தான் இந்தப் பதிய முறை அங்கே இன்னும் செல்லுபடியாகிறது. ஆகவே, இருநூறு ஆண்டுத் தோட்டம் என்று நீங்கள் சொல்வதில் பாட்டி வைத்த கொடியும், மகள் பதியம் போட்டதும், போன குளிர்காலத்தில் புதைத்ததும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதற்கு வயது கேட்டால் எதைச் சொல்வது?

இரு கொடிகளுக்கு நடுவே மண்ணிலிருந்து சற்றே மேலெழும்பிக் கிடந்த ஒரு கிளையைக் காட்டி, இளையது வேர் பிடித்துவிட்டதே, வெட்டிவிடலாமே என்று கேட்டேன். அவர் கணவர் கடைசியாகப் புதைத்த கிளையாம் அது. இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கொடிக்கு நகர்ந்தார்.

இயற்கை ஒயின்காரர்களை நான் குறைத்துப் பேசவில்லை. மட்டம் என்று ஒதுக்கப்பட்ட பழத்தை அதன் பெயராலேயே புட்டியில் அடைத்து உலகத்தின் முன் வைத்தார்கள். அது பெரிய காரியம். அதற்கு உயிர்கொடுத்தல் என்று பெயரிடாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். தயாரிப்பாளர் பேசும்போது அவருக்குப் பின்னால் கவாத்துக் கத்தரியோடு நிற்பவர் யார் என்றும், அவருடைய பெயரைப் படத்தில் எங்காவது சொல்கிறார்களா என்றும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.