பீட்டுக்கு நடுவில் என் ராப் குரல் ஒட்டவே மாட்டேன் என்கிறது. வீட்டிலேயே மிக்ஸ் செய்து இதை எப்படிச் சரிசெய்வது?

கேட்டவர் சொல்லும் சிக்கல் இது: வீட்டில் மைக் வைத்துப் பதிவு செய்கிறார், பீட், அதாவது பின்னணி இசை, இணையத்தில் எடுத்த ஒரே ஸ்டீரியோ ஃபைல். குரலைக் கூட்டினால் தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி தனியாக நிற்கிறது, குறைத்தால் வார்த்தை புரியவில்லை. எந்த பிளக்-இன் (மிக்ஸ் மென்பொருளில் சேர்க்கும் கூடுதல் கருவி) வாங்கலாம் என்று கேட்கிறார்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். உங்கள் மென்பொருளோடு வரும் ஈக்யூ (கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது), கம்ப்ரெஸர் (சத்தம் கூடும் இடத்தைத் தானாக அமுக்குவது) போதும். நானும் இதே சிக்கலோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. என் மாமா மைக் செட் வைத்திருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு செட் கட்டிவிட்டு மத்தியானம் சோதித்துக்கொண்டிருந்தபோது, என் முதல் பாட்டைப் பென் டிரைவில் கொடுத்துப் போடச் சொன்னேன். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஓடியது. அதில் பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, வராது. பீட்டின் 808 (டிரம் மெஷின் வகை) பேஸ்தான் என் குரலை அமுக்குகிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். பேஸ் மொத்தமாகப் போன பிறகும் பாதி வரி புரியவில்லை. மாமா கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏன் மாப்ள, ஒவ்வொரு வரியும் நல்லாத்தான் ஆரம்பிக்குது. கடைசியில தண்ணி வத்திப்போகுதே. கடைமடைக்கு வந்து சேரல பாரு.”

அவர் சொன்னது அப்படியே சரி. வீட்டுக்கு வந்து குரல் டிராக்கை மட்டும் தனியாகப் போட்டு அலைவடிவத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் தலைப்பில் தடித்து, வாலில் நூலாக இளைத்திருந்தது. மூச்சு முழுசாக இருக்கும்போது தொடங்குகிறோம், தீரும்போது முடிக்கிறோம். தமிழில் இது பெரிய நஷ்டம், ஏனென்றால் நம் மொழியில் யார் செய்தார், எப்போது செய்தார் என்பதெல்லாம் சொல்லின் வாலில்தான் ஒட்டியிருக்கிறது. பேச்சுத் தமிழில் ‘வந்தான்’ என்பதன் கடைசி ‘ன்’ முழுசாக ஒலிப்பதில்லை, மூக்கொலியாக மட்டும் மிஞ்சுகிறது. ‘வந்தாள்’ என்பது ‘வந்தா’ ஆகிவிடுகிறது. இரண்டையும் பிரிப்பது அந்த மெல்லிய மூக்கொலி ஒன்றுதான். அது பீட்டுக்குள் மூழ்கினால் பாட்டில் ஆள் மாறிப்போகிறார். எதுகையும் மோனையும் வரியின் தலைப்பில் வருவதால் தப்பித்துவிடும். ராப்பில் நாம் அதிகம் நம்பியிருக்கும் இயைபு வரிக் கடைசியில்தானே விழுகிறது? அது கேட்கவில்லை என்றால் வரி முடிந்ததே தெரியாது.

ஆகவே முதல் வேலை பதிவிலேயே. ஒரே மூச்சில் பதினாறு வரி பாடிக் காட்ட வேண்டிய அவசியம் மேடையில் இருக்கலாம், வீட்டில் இல்லை. நான் இரண்டு டிராக் வைத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு வரி ஒன்றில், அடுத்த இரண்டு வரி மற்றதில். கடைசிச் சொல்லை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு நிறுத்துகிறேன், மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குகிறேன். கேட்பவருக்கு ஒட்டுப் போட்டது தெரியாது.

அடுத்தது, கம்ப்ரெஸர் போடுவதற்கு முன்னால் கையால் செய்யும் சமன். வரியின் கடைசிச் சொல்லை வெட்டி, அந்தத் துண்டின் கெய்னை (சத்த அளவை) மட்டும் 2 முதல் 4 டெசிபல் ஏற்றுங்கள். கத்திய சொல்லை அதே அளவு இறக்குங்கள். மூச்சுச் சத்தத்தை அழிக்காமல் 6 டெசிபல் போல் தணித்தால் போதும், முழுக்க அழித்தால் குரலில் உயிர் இருக்காது. மூன்று நிமிடப் பாட்டுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. அலுப்பான வேலைதான். ஆனால் என் பாட்டுகளில் வேறு எதுவும் இந்த அளவுக்கு வித்தியாசம் கொடுத்ததில்லை. இதைச் செய்யாமல் நேராகக் கம்ப்ரெஸர் போட்டால், அது தலைப்பில் உள்ள சத்தத்தைப் பிடித்து நசுக்குவதிலேயே இருக்கும், வால் அங்கேயேதான் கிடக்கும்.

அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறை எதிரொலியோடு பதிவான குரல் எந்த மிக்ஸிலும் பின்னால்தான் நிற்கும், அதைப் பிறகு முழுசாகக் கழுவி எடுப்பது கஷ்டம். எங்கள் வீட்டில் விதைநெல் மூட்டை அடுக்கியிருக்கும் உள் அறையில்தான் பதிவு செய்கிறேன். எனக்குப் பின்னால் மூட்டை, பக்கத்தில் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்தது. கோரைப்பாயும் போர்வையும் மட்டும் தொங்கவிட்டால் மேல் ஒலிகளைத்தான் உறிஞ்சும், கீழே உள்ள டப்பா சத்தம் அப்படியே இருக்கும். கனமான பொருள் வேண்டும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். மிக அருகில் போனால், முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் (கார்டியாய்டு) மைக்குகளில் கீழ் ஒலி தானாக ஊதிப்போகும். உச்சச் சத்தம் -10 டெசிபலைத் தாண்டாமல், 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும், சித்திரையிலும்தான். ஐப்பசி மழையில் தவளைகள் ஓயவே ஓயாது, அந்த இரவுகளில் நான் எழுத மட்டும் செய்கிறேன்.

இன்னொன்று: பாடும்போது உங்கள் குரல் ஹெட்போனில் தாமதமாக வந்தால் நீங்களும் தாளத்துக்குப் பின்னால் இழுப்பீர்கள். மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்துக் கையாளும் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்கு மட்டுமே ஏறக்குறைய 21 மில்லிசெகண்ட் தாமதம். 128 ஆகக் குறைத்தால் அது 3 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். ஒட்டாத குரல் என்று பலர் சொல்வது சில சமயம் தாளத்தில் ஒட்டாத குரலாக இருக்கிறது.

சரி, இப்போது பீட். நீங்கள் இறக்கிய பீட் பெரும்பாலும் ஏற்கெனவே மாஸ்டர் செய்யப்பட்டு (வெளியீட்டுக்கான கடைசி மெருகு), லிமிட்டரால், அதாவது உச்சத்தைத் தடுத்து மொத்தச் சத்தத்தை ஏற்றும் கருவியால், கூரை வரை தள்ளப்பட்டிருக்கும். உங்கள் குரல் அதோடு போட்டி போட முடியாது, போட வேண்டியதும் இல்லை. நாதஸ்வரக்காரர் ஆலாபனையில் நுணுக்கமான இடத்துக்குப் போகும்போது பக்கத்தில் உள்ள தவில்காரர் என்ன செய்வார்? கையை அடக்கிக்கொள்வார். அதைத்தான் அடக்கி வாசிப்பது என்கிறோம். பீட்டின் ஃபேடரை (சத்தம் கூட்டிக் குறைக்கும் தள்ளுகோலை) முதலிலேயே 6 முதல் 8 டெசிபல் இறக்கிவிடுங்கள். எல்லோரும் குரலை ஏற்றப் பார்க்கிறார்கள், அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள், பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

மீதிச் சண்டை நடுவில் நடக்கிறது. குரல், டிரம்மின் கிக், ஸ்னேர், பேஸ் எல்லாமே ஸ்டீரியோவின் மையத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பீட்டின் மேல் மிட்-சைட் ஈக்யூ (மையத்தையும் ஓரங்களையும் தனித்தனியே மாற்ற விடும் ஈக்யூ) போட்டு, மையத்தில் மட்டும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. ஓரங்களில் உள்ள கீபோர்டும் ஹை-ஹேட்டும் அப்படியே இருப்பதால் பீட் மெலிந்ததாகத் தெரியாது. சத்தத்தைப் பொறுத்துத் தானாக ஏறி இறங்கும் டைனமிக் ஈக்யூ இருந்தால் இன்னும் நல்லது. அதன் சைட்செயினில் (வேறொரு டிராக்கைக் கேட்டு இயங்கவைக்கும் வழியில்) குரலைக் கொடுத்தால், நீங்கள் பாடும்போது மட்டும் அந்த இடம் இறங்கும், நிறுத்தியதும் பழையபடி நிரம்பும். முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல, இந்த வாய்க்காலை அடைத்தால்தான் அந்த வாய்க்காலில் பாயும்.

குரலுக்கான ஈக்யூவில் நான் செய்வது கொஞ்சம்தான். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை மந்தமாக இருந்தால் 2, 3 டெசிபல் குறைப்பு. தேவைப்பட்டால் 4 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிறு ஏற்றம். சோலோவில் வைத்து ஈக்யூ செய்யாதீர்கள். தனியாகக் கேட்கும்போது கனமாக, அழகாக இருக்கும் குரல் பீட்டோடு சேரும்போது சேறாகிவிடும். எப்போதும் பீட் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

கம்ப்ரெஸரில் ஒன்றுக்குப் பதில் இரண்டு போடுகிறேன், ஒவ்வொன்றுக்கும் வேலை குறைவு. முதலாவதன் விகிதம் 4:1 (எல்லையைத் தாண்டும் 4 டெசிபலை 1 ஆக்கும்), அது 3 முதல் 5 டெசிபல் வரை இறக்கும். இரண்டாவது 2:1, மெதுவானது, 2 டெசிபல் போதும். இதில் கவனிக்க வேண்டியது அட்டாக், அதாவது கம்ப்ரெஸர் அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம். ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவாக வைத்தால் ‘க’, ‘ட’, ‘ப’ இவற்றின் முதல் அடி நசுங்கி, குரல் இரண்டடி பின்னால் போய்விடும். 5 முதல் 10 மில்லிசெகண்ட் வையுங்கள். ரிலீஸ், அதாவது அது பிடியை விட எடுக்கும் நேரம், 50 முதல் 100 மில்லிசெகண்ட். அதைவிடக் குறைத்தால் ‘பக்கம்’, ‘கட்டு’ போன்ற சொற்களில் இரட்டிக்கும் எழுத்துக்கு முன் வரும் அந்தக் குட்டி மௌனத்துக்குள் கம்ப்ரெஸர் கையை விட்டுவிடும், அடுத்த எழுத்து துள்ளி விழும். தமிழில் இந்த இரட்டிப்பு நிறைய வருவதால் ஆங்கில ராப்புக்குச் செய்து வைத்த பிரீசெட்டை அப்படியே போட்டுவிட்டு நம்பாதீர்கள்.

கம்ப்ரெஸருக்குப் பிறகு ‘ஸ’ சீறும். அந்தச் சீறலை மட்டும் அடக்கும் டீ-எஸ்ஸரை 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். ‘ஷ’ அதைவிடக் கீழே, 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அதற்கு டீ-எஸ்ஸரை இழுக்காமல் அந்த எழுத்தை மட்டும் கையால் தணிப்பது நல்லது. டீ-எஸ்ஸரை ரொம்பப் போட்டால் ‘சோறு’ ‘தோறு’ மாதிரி கேட்கும்.

குரலைத் தடிப்பாக்க அதே வரியை மேலே அடுக்கும் டபுள் டிராக்கை நகலெடுத்து ஒட்டாதீர்கள், மறுபடி பாடுங்கள். முழு வரிக்கும் வேண்டாம், கடைசி இரண்டு சொற்களுக்கு மட்டும் பாடி, 6 டெசிபல் கீழே வையுங்கள். அந்த டபுளில் மெய்யெழுத்தை அழுத்தாமல் பாடினால் இரண்டு ‘ட்’ அடுத்தடுத்து இடிக்காது. இதுவும் கடைமடைக்குத் தண்ணீர் சேர்க்கும் வழிதான்.

ரிவெர்ப் (அறை முழக்கம் போன்ற எஃபெக்ட்) ஒரு செகண்டுக்குள் முடியட்டும், குறைவாகவே இருக்கட்டும். எனக்கு, சொல்லைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கவிடும் டிலேதான் பிடிக்கும். அந்தத் தாமதத்தைத் தாளத்தோடு பொருத்த, 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். 90 பிபிஎம் என்றால் 667 மில்லிசெகண்ட், அரைத் தட்டு 333. அப்புறம் சத்தத்துக்காக மாஸ்டரைப் போட்டு நசுக்க வேண்டாம். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் -14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவை ஒட்டித்தான் அதிகச் சத்தத்தை இறக்கி ஒலிக்கவிடுகின்றன.

எல்லாம் முடிந்ததும் போனில் மெதுவான சத்தத்தில் போட்டுக் கேளுங்கள். ஆனால் உங்கள் காதை நம்பாதீர்கள். வரிகள் உங்களுக்கு மனப்பாடம், கேட்காத சொல்லையும் மனசு நிரப்பிவிடும். நான் அத்தையிடம் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து, போனில் பாட்டைப் போட்டு, காதில் விழுவதை எழுதச் சொல்வேன். புரியாத இடத்தில் கோடு போட்டுவிடுவார். போன பாட்டில் முதல் தடவை பதினோரு கோடு, அதில் ஒன்பது வரிக் கடைசியில். துண்டு துண்டாகக் கெய்ன் ஏற்றி, பீட்டின் மையத்தை இன்னும் ஒரு டெசிபல் இறக்கிக் கொடுத்தேன். இரண்டு கோடு மிஞ்சியது. அந்த இரண்டு சொல்லை நான் வாயிலேயே தின்றிருந்தேன், மிக்ஸில் செய்ய ஒன்றும் இல்லை. மூட்டை அறைக்குப் போய் அந்த இரண்டு வரியையும் மறுபடி பாடினேன்.