ஆறு வயசு மகனுக்கு ஆட்டிசம் அசெஸ்மெண்ட், பயப்படாதீங்க

தங்கச்சி, அடுத்த வாரம் பினாங்குல அசெஸ்மெண்ட், பையன் ஃபெயிலாயிடுவானோன்னு தூக்கமே வரலன்னு எழுதியிருந்தீங்க, இதுல பாஸ் ஃபெயில்னு ஒண்ணும் கெடையாதும்மா. ஏடாஸ்ங்கிறது (ADOS) ஆட்டிசம் இருக்கான்னு புள்ளைய நேர்ல கவனிச்சுப் பாக்குற டெஸ்ட், 40லருந்து 60 நிமிஷம், வெளாட்டு மாதிரிதான் இருக்கும், பேச்சு கம்மின்னா பபுள் ஊதுவாங்க, நல்லா பேசுனா படக்கதை காட்டுவாங்க, முகத்த பாக்குறானா, வேணுங்கிறத எப்படி கேக்குறான்னு கவனிப்பாங்க. நியூரோசைக் டெஸ்ட் வேற, அது ஞாபகம், யோசிக்கிற திறமையெல்லாம் பாக்குறது, பிளாக் அடுக்கணும், நம்பர் திருப்பிச் சொல்லணும், மணிக்கணக்கா ஓடும், பிரேக் கேளுங்க. எப்ப நடந்தான் எப்ப பேசுனான்னு உங்களையும் கேப்பாங்க, பையனோட வளர்ச்சி, ஊசியெல்லாம் குறிச்சு வச்ச கிளினிக் புக்கு கொண்டு போங்க. முக்கியமா, வீட்ல தமிழ்தான்னா முன்னாடியே சொல்லிடுங்க. கோலாலம்பூர்ல என் மகளுக்கு இந்த டெஸ்ட் எடுத்தப்ப நான் சொல்லல, மலாய்ல கேட்டது புரியாம பேசாம இருந்தா, அத நெனச்சா இன்னும் மனசு வலிக்குது.