வயோலாவும் செபாஸ்டியனும் ஒரே ஜாடையில் இல்லையே என்ற கேள்விக்கு

ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில், கப்பல் விபத்தில் இரட்டை அண்ணன் செபாஸ்டியனைப் பிரிந்த வயோலா, 'சிசாரியோ' என்ற பெயரில் ஆண் வேடமிட்டு ஆர்சினோ பிரபுவிடம் பணிபுரிகிறாள். கடைசிக் காட்சியில் இருவரும் சந்திக்கும்போது உங்கள் நடிகர்களின் முகம் ஒத்துப்போகவில்லை, வயோலாவுக்குக் கவுன் மாட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கவுன் வேண்டாம். அவள் பெண்ணுடை அவளைக் கரைசேர்த்த கப்பல் தலைவனிடம் இருக்கிறது, அவனோ ஒலிவியா சீமாட்டியின் காரியஸ்தன் மல்வோலியோ தொடுத்த வழக்கில் சிறையில். ஆர்சினோ கடைசிவரை அவளை 'சிசாரியோ' என்றே அழைக்கிறான். அந்தக் குழப்பம் தீராமல் முடிவதுதான் நாடகத்தின் அழகு.

முகத்தை விடுங்கள், உடையைக் கவனியுங்கள். அண்ணன் உடையின் நிறம், அலங்காரம் எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றுவதாக 3ஆம் அங்கத்தில் அவளே சொல்கிறாள். கோட்டு, தொப்பி, வாள் தொங்கும் பக்கம் மூன்றும் அச்சு அசலாக இருந்தால் போதும். குரலைக் கரகரப்பாக்கவும் வேண்டாம். அது பெண்குரல் போலிருப்பதை ஆர்சினோவே 1ஆம் அங்கத்தில் குறிப்பிடுகிறான். ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேடம் கட்டியவர்களும் பையன்கள்தானே!

பல குழுக்கள் சறுக்குவது வேறிடத்தில்: செபாஸ்டியன் நுழைந்ததும் தங்கையைப் பார்த்துவிடுகிறான். வசனப்படி முதலில் ஒலிவியாவிடம் மன்னிப்பு, பிறகு தன்னைக் காப்பாற்றிய நண்பன் அன்டோனியோவைக் கண்ட மகிழ்ச்சி, அதன்பின்தான் தங்கை. அதுவரை அவன் முதுகு வயோலா பக்கம் இருக்கட்டும். அப்பாவின் நெற்றி மச்சத்தைப் பற்றிய பேச்சை வெட்டாதீர்கள், அவசரமும் வேண்டாம். அது முடியும்வரை இருவரும் தொடாமல் நிற்கட்டும். 'இன்னும் தழுவாதே' என்று அவளே தடுக்கிறாள்.